நுனி கிள்ளிய நாற்றுகள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பண்ணையிலிருந்து செண்டுமல்லி, சாமந்தி, பெட்டூனியா, திருநீற்றுப்பச்சிலை நாற்றுகளைப் பெற்றுக்கொண்டவர்களில் சிலர், செடிகள் நுனி ஒடிந்த நிலையில் வந்திருப்பதாகவும், வழியில் அடிபட்டிருக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த நுனிகள் வழியில் ஒடிந்தவை அல்ல. நாற்றுகளை அனுப்புவதற்குச் சில நாள்களுக்கு முன்பு நாங்களே விரலால் கிள்ளி எடுத்தவை. அதற்கான காரணத்தையும், செடி உங்கள் கைக்கு வந்த பின் நீங்கள் அதை எப்படித் தொடரலாம் என்பதையும், எந்தச் செடியில் அதைச் செய்யவே கூடாது என்பதையும் விளக்க இம்மடலை எழுதுகிறோம்.

நாற்றின் ஓர் இலை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால், அந்த இடுக்கில் கடுகைவிடச் சிறிய பச்சை முனை ஒன்று தெரியும். அதுதான் பக்க மொட்டு. அது முழுக் கிளையாக வளரக்கூடியது. ஆனால் உச்சியில் குருத்து இருக்கும்வரை பெரும்பாலான செடிகளில் அது உறங்கியே கிடக்கிறது. தாவரவியலார் இதை நுனி ஆதிக்கம் என்பர். குருத்தின் இளம் இலைகளில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் தண்டின் வழியே கீழிறங்குவதே இதற்குப் பெரிய காரணம். 1933இல் கென்னத் திமான், ஃபோல்க் ஸ்கூக் என்ற இருவர், அவரை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தனர். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் அடங்கியே இருந்தன. ஆக்சின் மொட்டுக்குள் நேரடியாகப் புகுந்து தடுப்பதில்லை என்பதும், மொட்டைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற மற்றொரு வளர்ச்சிப் பொருளின் அளவை அது குறைத்துவிடுகிறது என்பதும் பின்னர் தெரியவந்தன. 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வேகமாக வளரும் நுனி, செடியின் சர்க்கரையில் பெரும்பங்கைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது; நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்வதே அவை விழித்துக்கொள்வதற்கான முதல் தூண்டுதல். ஆகவே நுனியைக் கிள்ளும்போது நீங்கள் செடியின் வளர்ச்சியைக் குறைப்பதில்லை. அதன் போக்கை மாற்றிவிடுகிறீர்கள். தேயிலைச் செடியை அப்படியே விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். கிளைகளை வெட்டிவிடும் கவாத்தும் ஓயாமல் கொழுந்து பறிப்பதும்தான் அதை இடுப்பளவுப் புதராக வைத்திருக்கின்றன.

இனிச் செய்முறை. விதையிலை இரண்டையும் கணக்கில் சேர்க்காமல், உண்மையான இலைகள் மூன்று அல்லது நான்கு அடுக்கு வந்ததும் கிள்ளலாம். பெரும்பாலான பூஞ்செடிகள் அப்போது ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் இருக்கும். மாற்றி நட்ட நாற்றாக இருந்தால், வேர் பிடித்துப் புதுத் துளிர் தெரியும்வரை பொறுத்திருங்கள். காலை வேளையில், செடி நீருண்டு விறைப்பாக நிற்கும்போது கிள்ளினால் நுனி சுத்தமாக ஒடிந்து வரும். வாடிய தண்டு நசுங்கி நார் நாராகக் கிழியும். கட்டைவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தண்டைப் பிடித்து, ஓர் இலை அடுக்குக்குச் சற்று மேலே, உச்சியிலுள்ள ஓரிரு சென்டிமீட்டரை மட்டும் எடுத்தால் போதும். கணுவுக்கு மேல் நீளமாக முண்டு விட்டுவிட்டால் அது காய்ந்து கறுத்து, சில வேளைகளில் அழுகல் கீழே இறங்கவும் வழியாகிவிடும். கத்தரி இல்லாமல் நகத்தாலேயே எடுக்க முடியாத அளவுக்குத் தண்டு முற்றியிருந்தால், கிள்ளும் பருவம் கடந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது செய்வது கவாத்து.

கிள்ளிய முதல் சில நாள்கள் செடி அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். உரத்தை அள்ளிப் போட்டு அதை விரைவுபடுத்த முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு வாரம் பத்து நாளில், கிள்ளிய இடத்துக்கு நேர் கீழேயுள்ள இலை இடுக்குகளில் அந்தப் பச்சை முனை பருத்து, இரண்டு சிற்றிலைகளாகப் பிரிவதைக் காணலாம். எதிரெதிர் இலை கொண்ட திருநீற்றுப்பச்சிலை, புதினா, கோலியஸ் ஆகியவற்றில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் கிளைக்கும்; அந்தக் கிளைகளையும் இரண்டு அடுக்கு இலை வந்தபின் கிள்ளினால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகும். இந்த மூன்றிலும் கிள்ளிய நுனியைத் தண்ணீரில் வைத்தாலே வேர்விடும் என்பதால், எறிந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு முறை கிள்ளும்போதும் பூக்கும் காலம் ஓரிரு வாரமாவது தள்ளிப்போகும். பூ சற்றுத் தாமதமாக வந்தாலும் செடி முழுவதும் வருவதையே நாங்கள் விரும்புகிறோம். குறிப்பிட்ட நாளுக்குள் பூ வேண்டும் என்பவர் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வதே சரி. சாமந்தியில் கூடுதல் கவனம் தேவை. அது இரவு நீளும் பருவத்தில் மொட்டுக் கட்டும் செடியாதலால், மொட்டுக் கட்டத் தொடங்கிய பின் நுனியை எடுத்தால் பூவையே எடுத்ததாகிவிடும்.

பெட்டூனியா, மிளகாய், தக்காளி ஆகியவற்றைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புகையிலைத் தேமல் நச்சுயிரி கையின் வழியாகவே ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் பரவும். புகையிலைப் பொருள்களைத் தொட்ட கையிலும் அது இருக்கக்கூடும். மிளகாயைப் பொறுத்தவரை, முதல் பூ வரும் இடத்தில் அது தானாகவே கவையாகப் பிரிந்துவிடுவதால், கிள்ளியே ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. சுரைக்கொடியின் கதை வேறு. அதன் முதன்மைக் கொடியில் ஆண்பூக்களே மிகுதி; பெண்பூக்கள் பக்கக் கொடிகளில் கூடுதலாக வருவதால், அங்கே நுனி கிள்ளுவது காய்ப்பையே கூட்டும்.

ஒற்றைப் பெரும்பூ தரும் சூரியகாந்தியையும், கொண்டை அகன்று விரியும் கோழிக்கொண்டையையும் கிள்ளாதீர்கள். அவற்றின் அழகே அந்த நுனியில்தான் இருக்கிறது. இலைகள் தரையோடு வட்டமாக விரியும் ஜெர்பெராவில் கிள்ளுவதற்கு நுனித்தண்டே இல்லை. ஒற்றைத்தண்டுப் பனை இனங்களில் வளரும் குருத்து ஒன்றே ஒன்று. அதை இழந்தால் மரமே பட்டுப்போகும்.

வெளிச்சம் போதாமல் வெளிறி, நெடுநெடுவென்று நீண்டு சாயும் நாற்றுக்குக் கிள்ளுவது மருந்தாகாது. கிளைகளும் அதேபோல் மெலிந்துதான் வரும். அத்தகைய செடியை முதலில் நல்ல வெளிச்சத்துக்குப் படிப்படியாகப் பழக்கி, தண்டு திடப்பட்ட பின் கிள்ளுங்கள்.

அடுத்த அனுப்புதலிலிருந்து ஒவ்வொரு நாற்றுத்தட்டிலும் ‘நுனி கிள்ளியது’, ‘இனிமேல் கிள்ளலாம்’, ‘கிள்ள வேண்டாம்’ என்ற மூன்றில் ஒரு சீட்டு இருக்கும். முதல் வகைச் சீட்டில் கிள்ளிய நாளையும் குறிப்பிடுவோம். நுனியோடு கூடிய நாற்றே வேண்டும் என்போர், கேட்புப் படிவத்தில் அதை எழுதிவிட்டால் உங்கள் தட்டைத் தனியே வைத்து அப்படியே அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
நாற்றுப்பண்ணையினர்