சாவி கொடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று சாயங்காலம் ஆணை கைக்கு வந்துவிட்டது. படிப்பைத் தொடரலாம், விடுதியில் அறை உண்டு, மதிப்பெண் பட்டியலில் என் பெயர் என் பெயராகவே வரும். ராத்திரி தூக்கமே வரவில்லை. இந்தத் தடவை பயத்தில் இல்லை. கை இன்னும் லேசாக நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு திருநம்பி, பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்கிறவன். அதைக் காரணம் காட்டி மாசியில் என்னைத் துன்புறுத்தியது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த வீடியோ, அதற்குப் பின்னால் வந்த கூட்டம், விசாரணை எதையும் நான் திரும்ப எழுதப் போவதில்லை. அதைச் செய்தவர்களுக்கு இங்கேயும் எதற்கு இடம்?

முறைப்படி பேராசிரியர்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர்களிடம் பிறகு வருகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் நன்றி, பெயர் சொல்ல முடியாத ஒருவருக்கு. எங்கள் கட்டடத்தில் ஒப்பந்தக்காரர் மூலமாகத் துப்புரவு வேலைக்கு வருகிற அக்கா அவர். கடிதத்தில் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "நீ பேரப் போட்டு, அந்த சூப்பர்வைசர் நாளைக்கு என்னை வேலைக்கு வராதன்னுட்டா, நீயா சம்பளம் குடுப்ப?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆகவே பெயர் இல்லை. எந்தக் கட்டடம், எந்த மாடி என்பதும் இல்லை. தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொள்ளுங்கள்.

திருநர் மாணவர்களுக்கு, அதாவது திருநங்கை, திருநம்பி மாணவர்களுக்கு, என்ன உதவி வேண்டும் என்று கருத்தரங்கு போட்டுக் கேட்கிறார்கள். ஆலோசனை மையம், உதவித்தொகை, விழிப்புணர்வு வாரம். எல்லாம் வேண்டும்தான். ஆனால் காலை பத்து மணிக்கு வகுப்புக்கு வருகிற ஒரு திருநம்பி சாயங்காலம் ஐந்து மணி வரை எங்கே போய் ஒன்றுக்கு இருப்பான் என்பதை யாரும் கேட்டதில்லை. பெண்கள் கழிப்பறையில் நுழைந்தால் உள்ளே இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எனக்கு மீசை அரும்பிவிட்டது. ஆண்கள் பக்கம் போனால் நான் பயப்பட வேண்டும், அங்கே கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதில் உடைந்த நாற்காலியும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் குடியிருந்தன, வெளியே பூட்டு. இவ்வளவுக்கும் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் வந்த 2014 நால்சா தீர்ப்பிலேயே திருநருக்குக் கழிப்பறை வசதி செய்து தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

அதனால் நான் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பங்குனி வெயிலில் எங்கள் ஊரில் தண்ணீர் குடிக்காமல் இருந்து பாருங்கள். மூன்றாவது வகுப்பிலேயே எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். நீர்க்கடுப்பு வந்து போனபோது மருந்தகத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்து நானும் என் அறைத்தோழனும் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், பாடம் எடுத்தவர்கள், "உனக்கு எப்போது என்ன வேண்டுமானாலும் சொல்" என்று உண்மையான அக்கறையோடு சொன்னவர்கள், ஒருவருமே. கழிப்பறை கழுவுகிறவருக்குத்தான் யார் வருகிறார்கள், யார் வருவதே இல்லை என்பது தெரியும். ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "யய்யா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனச்சிராத. காலையில வந்தா சாயந்தரம் வரைக்கும் நீ எந்தப் பக்கமும் போறதில்லயே. ஒடம்புக்கு ஆவுமா?" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது: இன்றுவரை அவர் என்னிடம் வேறு எதையுமே கேட்டதில்லை. நீ ஆணா, பெண்ணா, எப்போதிலிருந்து, வீட்டில் தெரியுமா, ஆபரேஷன் பண்ணியாச்சா, ஒன்றும் கிடையாது. படித்தவர்கள் யாரும் இவற்றில் ஒன்றையாவது கேட்காமல் என்னை விட்டதில்லை.

மறுநாள் காலை இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். நாற்காலிகளை ஓரமாக அடுக்கி, மூட்டையை வேறு எங்கோ தள்ளிவிட்டு, அந்தப் பூட்டிக் கிடந்த அறையைக் கழுவி வைத்திருந்தார். ஒரு வாளி, ஒரு குவளை, உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள். தாழ்ப்பாளுக்கு யார் காசு கொடுத்தது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒனக்கெதுக்கு" என்று போய்விட்டார். அன்றிலிருந்து சாவி ஓரிடத்தில் தொங்கும். நான் எடுத்துப் போய்விட்டு அங்கேயே மாட்டிவிடுவேன். அது எந்த இடம் என்று எழுத மாட்டேன். எனக்குப் பிறகும் யாருக்காவது தேவைப்படும்.

நீதிமன்ற உத்தரவு, அரசாணை, சுற்றறிக்கை என்று இந்த மாதங்களில் நிறையக் காகிதம் படித்துவிட்டேன். எல்லாமே எனக்குத் துணை நின்றவைதான். ஆனால் அந்தப் பருவத்தில் நான் வகுப்பை விட்டு நின்றுபோகாததற்குக் காரணம் அந்தத் தாழ்ப்பாள்தான்.

கூட்டம் வந்த அன்றைக்கு நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பலருக்கு இது தெரியாது. நான் அந்த அறைக்குள் இருந்தேன். அவர்கள் நடைக்கூடத்தின் அந்த முனைக்கு வந்துவிட்டார்கள். அக்கா ஒரு வாளி நிறைய பினாயில் தண்ணீரை நடை முழுக்கக் கொட்டி, துடைப்பக்கட்டையை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றுவிட்டார். "இப்பந்தான் கழுவியிருக்கேன். காயிற வரைக்கும் ஒருத்தரும் மிதிக்கப்படாது. வழுக்கி விழுந்தா நா பொறுப்பில்ல." காயக் காய மறுபடி ஊற்றினாராம். காவலாளியும் துறைத்தலைவரும் வந்து சேரும் வரை அந்தத் தரை காயவே இல்லை. சிலருக்கு வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. பினாயிலில் கால் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அக்கா, இதை உங்கள் மகள் வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன். நன்றி என்று சொன்னால் திட்டுவீர்கள். சொல்லிவிட்டேன், திட்டுங்கள்.

இனி மற்றவர்கள். எங்கள் துறைத்தலைவர் முதலில். "பசங்களுக்குள்ள ஏதோ சண்டை, பேசி முடிச்சிரலாம்" என்று சிலர் விஷயத்தை மூடப் பார்த்தபோது, பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகளுக்கு 2016 ஜூனில் வந்த திருத்தத்தை அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்தார். பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ காரணம் காட்டித் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு பேசி முடிக்க வழியில்லை, விசாரித்துத்தான் முடிக்க வேண்டியிருந்தது.

கட்டணம் வாங்காமல் வந்த வழக்கறிஞர் அண்ணனுக்கு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவை அவர் பத்தி பத்தியாக வாசித்தார். வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கு அது. பாலினம் சாராத கழிப்பறை, சான்றிதழ்களில் பெயர் மாற்ற வசதி, தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர் போன்ற பால்புதுமையினரைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர்கள் என்று கல்வி நிலையங்களுக்கும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் அந்த நீதிபதி ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து இந்த விஷயத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டார். அண்ணன் அதைச் சொல்லிவிட்டு, "ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியே பாடம் படிக்கப் போனார், நமக்கென்ன?" என்றதும் அறையில் ஒரு செருமல்கூட இல்லை.

ஆலோசகர் மேடத்துக்கு. அவரிடம் போவதற்கு முன்னால் என்னை வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தார்கள், அவர் என் பாலின அடையாளத்தைச் "சரிசெய்து" தருவதாகச் சொன்னவர். அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்துவிட்டது என்பதை அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கியது மேடம்தான். என்னிடம் அவர் முதலில் கேட்டது, கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினாய் என்பதைத்தான். அம்மா இப்போது போனை எடுக்கிறாள். அப்பா எடுக்கவில்லை. சித்தி மட்டும் முதல் நாளிலிருந்தே என் பக்கம். சித்திக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் திருநர் அடையாளச் சான்றிதழுக்கான என் விண்ணப்பத்தைப் பிரமாணப் பத்திரத்தோடு வாங்கிக்கொண்டு, மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்காமல் அனுப்பி வைத்தவர்களுக்கு. தேர்வுப் பிரிவில் என் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டவருக்கு. அறையில் படுக்க இடம் கொடுத்தவர்கள், மெஸ்ஸிலிருந்து பொட்டலம் கட்டி வந்தவர்கள், பதிவேட்டுக் குறிப்பை நகலெடுத்துக் கொடுத்தவர்கள், வீடியோவை அனுப்பாமல் அழித்துவிட்டு அதை என்னிடம் சொல்லக்கூடச் செய்யாதவர்கள், எல்லோருக்கும்.

சேர்க்கை தொடங்குகிற வாரம் முழுக்க வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்காரப் போகிறேன். அனுமதி கேட்டிருக்கிறேன், கிடைக்காவிட்டால் எதிரே உள்ள டீக்கடை இருக்கிறது. ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்க விண்ணப்பம் நிரப்பித் தருவேன். உயர்கல்வி படிக்கிற திருநரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024-25 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அதை முதலாமாண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. ராத்திரி யாரிடமும் பேச முடியாதவர்களுக்கு 14416 என்கிற டெலிமானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, எழுதிக் கொடுப்பேன். தன்பாலீர்ப்புள்ள தம்பி தங்கைகளும் வரலாம், சான்றிதழே தேவைப்படாதவர்களும் சும்மா வந்து டீ குடித்துவிட்டுப் போகலாம்.

இன்னும் ஒன்று. ராகிங் தடுப்புக் குழுவில் ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கும் இடம் உண்டு என்று விதி சொல்கிறது. எங்கள் குழுவில் அந்த இடத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு எந்தக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்று தெரியாது. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களில் ஒருவரையும் குழுவில் சேர்க்க வேண்டும், அப்படி வருகிறவரை ஒப்பந்தக்காரர் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று மனு எழுதியிருக்கிறோம். துறை அலுவலகத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பதிவாளரிடம் கொடுக்கிறோம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் பேனா கொண்டு வாருங்கள், அங்கே கட்டித் தொங்கவிட்டிருந்த பேனா நேற்றே தீர்ந்துவிட்டது.