தாழமுக்கம் என்றால் காற்றா, மழையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில், நம் மக்களிடம் விஞ்ஞான மனப்பாங்கு வளரவில்லை என்று குறைப்பட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. வட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்புகிறார்களாம். 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று ஒரு நாட்டு வைத்தியர் கொடுத்த பாணியை வாங்கக் கேகாலையில் முண்டியடித்தார்களாம். முண்டியடித்தது உண்மைதான். அந்தப் பாணியைச் சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் குடித்துக் காட்டியதையும் கட்டுரையாளர் சேர்த்து எழுதியிருக்கலாம்.

நான் திருகோணமலையில் வலை, கயிறு, எஞ்சின் சாமான் விற்கிறவன். உயர்தரத்தில் தமிழில் விஞ்ஞானம் படித்தேன், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. படித்தவர்கள் சொல்வது ஓரளவு விளங்கும். விளங்காதவர்கள் வந்து கேட்பதும் என்னிடம்தான்.

ஒரு கார்த்திகை மாதம் கடைவாசல் பலகையில் வள்ளம் வைத்துத் தொழில் செய்யும் ஒரு சம்மாட்டி ஐயா இருந்து உங்கள் பத்திரிகையை இரண்டு தரம் வாசித்தார். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பில் பலத்த காற்று, கடற்றொழிலாளர் அவதானமாக இருக்கவும் என்று வழக்கமாக வருமே, அந்தச் செய்தி. பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தத் தாழமுக்கம் எண்டுறது காத்தோ, மழையோ, இல்லாட்டி ஒரு இடமோ?"

நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனுசன். நான் "வளிமண்டல அமுக்கம்" என்று தொடங்கினேன். அவர் பார்வை ரோட்டுக்குப் போய்விட்டது. சரி என்று அதை விட்டுவிட்டு, கடல் சூடேறினால் அதன் மேலே கிடக்கும் காற்றும் சூடேறி எழும்பும், அந்த இடத்தை நிரப்பச் சுற்றிவர உள்ள காற்று ஓடி வரும், பூமி சுழல்வதால் நேரே வராமல் வளைந்து சுற்றும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அதுதான் காத்தே இல்லாத நாளில கடல் தூக்குறது. எங்கயோ தூரத்தில சுத்துது, அலை முந்தி வந்திடுது" என்றார்.

இது என் பாடப்புத்தகத்தில் இருந்ததாக ஞாபகம் இல்லை. பிறகு தேடி வாசித்தேன். ஐயா சொன்னது சரி. புயல் நகர்வதைவிட அது கிளப்பிவிடும் நீண்ட அலைகள் வேகமாக ஓடும். புயலுக்கு ஒரு நாளுக்கு முன்பே கரைக்கு வந்துவிடலாம். நான் அவருக்கு ஒன்று சொன்னேன், அவர் எனக்கு ஒன்று சொன்னார். கடனுக்கு வாங்கிய நைலோன் கயிற்றின் காசை மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை.

இப்படி இரண்டு பக்கமும் பேச வேண்டும் என்பது பெரிய நாடுகளுக்கே தாமதமாகத்தான் உறைத்தது. பிரித்தானியாவில் 1985இல் றோயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. மக்களுக்கு விஞ்ஞானம் போதாது, சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பதினைந்து வருஷம் சொல்லிக்கொடுத்த பிறகு, 2000இல் அவர்களுடைய பிரபுக்கள் சபைக் குழு, சொன்னால் மட்டும் போதாது, மக்களோடு பேச வேண்டும் என்று எழுதியது. கேரளத்தில் 1962இல் சாஸ்திர சாகித்திய பரிஷத்தைத் தொடங்கியவர்கள் மலையாளத்தில் விஞ்ஞானம் எழுதியவர்கள். எழுத்தோடு நின்றுவிடாமல் பாட்டும் நாடகமுமாகத் தெருவுக்கு இறங்கினார்கள். அங்கே அமைதிப் பள்ளத்தாக்கு என்ற காட்டில் அணை கட்டலாமா என்ற விவாதம் ஊர் ஊராகப் போனது அதனால்தான்.

நம்மிடம் தொடக்கம் இல்லாமல் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்து, பெரிய பெரிய மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். பிறகு சுயபாஷைக் கல்வி வந்தது. ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்று சொற்களும் வந்தன. தேசிய விஞ்ஞான மன்றம் 'விதுரவ' சஞ்சிகையைத் தமிழிலும் போடுகிறது. எங்கள் கடைத்தெருவில் ஒரு பிரதியையும் நான் கண்டதில்லை. சொற்களெல்லாம் பரீட்சை மண்டபத்துக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டன என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு நாங்கள் கொடுத்த விலைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவில் நிலம் நடுங்கி, அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம்! சுனாமி என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. சரி, அதை விடுவோம். 2012 ஏப்ரல் 11ஐ எடுங்கள். புத்தாண்டுக்கு இரண்டு நாள், கடைத்தெருவெல்லாம் சனம். பிற்பகல் நிலம் ஆடியது, எச்சரிக்கை வந்தது, நான் ஷட்டரை இழுத்துவிட்டு அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மேட்டில் இருக்கும் உவர்மலைக்கு ஓடினேன். மேலே தெரிந்தவர், தெரியாதவர், எல்லாச் சாதி சனமும் ரோட்டோரத்தில் குந்தியிருந்து கடலைப் பார்த்தபடி. பின்னேரம் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். இறங்கி வரும்போது அம்மா கேட்டார்: "வரேல்லையெண்டா பொய்யே சொன்னவங்கள்?"

அம்மா மட்டும் கேட்கவில்லை, ஊரே கேட்டது. அடுத்த நாள் பத்திரிகைகள் "ஆபத்து நீங்கியது" என்று போட்டன. 8.6 அளவில் நடுங்கியும் ஏன் பேரலை வரவில்லை என்று நான் பார்த்த எதிலும் இல்லை. விளக்கம் அப்படி ஒன்றும் கடினமில்லை. பேசினில் தண்ணீர் நிரப்பி, உள்ளங்கையைத் தட்டையாக அடியில் வைத்துச் சட்டென்று மேலே தூக்கினால் தண்ணீர் குவிந்து எழும்பும். 2004இல் கடலடித் தரை அப்படி உயர்ந்தது. அதே கையை விரல் நுனிப் பக்கமாக முன்னே தள்ளினால் தண்ணீர் லேசாகத்தான் அசையும். 2012இல் தரை அப்படிப் பக்கவாட்டில் வழுக்கியது. நிலம் ஆடியவுடன் எது நடந்தது என்று தெரியாது, அதனால் முதலில் ஓடச் சொல்கிறார்கள். இதை அம்மாவுக்குச் சமையலறையில் ஒரு பேசினோடு காட்டினேன், ஆனால் சில வருஷம் கழித்துத்தான், நானே வாசித்தறிந்த பிறகு. 2020இல் புரேவிப் புயல் வந்து பெரிய சேதமில்லாமல் போனபோதும் "சும்மா பயப்படுத்தினாங்கள்" என்ற பேச்சுத்தான் கடையில் நடந்தது. அடுத்த முறை இவர்கள் ஓடாவிட்டால் விஞ்ஞான மனப்பாங்கு இல்லை என்று இன்னொரு கட்டுரை வரும்.

இரசாயனப் பசளையை 2021இல் ஒரே அடியாக நிறுத்தியபோது கந்தளாய் வயற்காரர் எவரிடம் யார் கேட்டார்கள் என்று நான் இங்கே தொடங்கினால் கடிதம் நீண்டுவிடும்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். வாரத்துக்கு ஒரு பத்தி இடம் ஒதுக்குங்கள். நிபுணர் தனக்குப் பிடித்ததை எழுதும் பத்தியாக அது இருக்கக்கூடாது. வாசகர் கேள்வி அவர் வாய்ச்சொல்லிலேயே வரட்டும், கிழக்கிலேயே இருக்கும் வளாகத்தில் விஞ்ஞானம் கற்பிப்பவர் ஒருவர் பதில் எழுதட்டும். அச்சுக்குப் போகுமுன் கேட்டவரிடமே அதை வாசித்துக் காட்டுங்கள். விளங்கவில்லை என்றால் திருப்பி எழுதச் சொல்லுங்கள், பேராசிரியர் கோபித்தாலும் பரவாயில்லை.

முதல் கேள்வியைச் சம்மாட்டி ஐயா தந்திருக்கிறார், இத்தோடு அனுப்புகிறேன்: "சுனாமி எண்டு சொல்லக்குள்ள நாங்க நடுக்கடலில நிண்டா, வள்ளத்தைக் கரைக்கு விடுறதோ, இன்னும் ஆழத்துக்கு விடுறதோ?"

இப்படிக்கு,
வலைக்கடைக்காரர் ஒருவர்,
திருகோணமலை.