மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் நிற்பவை

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஸ்ரூடியோக்காரர்களுக்கு,

வணக்கம் தம்பிமாரே, தங்கச்சிமாரே.

போன மாதம் என் தங்கையின் மகளுடைய கலியாண அல்பம் வந்தது. மடியில் வைத்துப் பார்க்க முடியாத பாரம், மேசை வேண்டும். வவுனியாக் குளக்கட்டில் எடுத்த படங்கள் மட்டும் பத்துப் பன்னிரண்டு இருக்கும். பிள்ளையின் கண்ணிமையில் பூசிய மினுக்கத்தைக்கூட எண்ணலாம். குளத்தைத்தான் காணவில்லை. பின்னால் பச்சையும் நீலமுமாய் ஏதோ களி கரைத்து ஊற்றியது போல இருந்தது. எடுத்த தம்பியைக் கேட்டேன். "அது லென்ஸை அகலத் திறந்து 1.8இல எடுத்தது ஐயா, பின்னுக்கு இருக்கிறதெல்லாம் புளர் ஆகிடும். அதுதான் வடிவு" என்றார். வடிவுதான், மறுக்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் இன்னொரு படம் இருக்கிறது.

1979இல் என் பெரியக்காவின் கலியாணம் கிளிநொச்சியில் நடந்தது. அந்த அல்பம் 2009இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது, ட்ரங்குப் பெட்டியோடு போய்விட்டது. எந்த இடத்தில் பெட்டியை விட்டோம் என்று அம்மாவுக்கே ஞாபகமில்லை. வன்னியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இப்படி ஒரு கதை வரும், ஆகவே நீட்டவில்லை. மாமி வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரே ஒரு படம் தப்பியது. அக்காவும் அத்தானும் கொழும்புக்குப் போக கிளிநொச்சி ஸ்டேசனில் நிற்கிறார்கள். எடுத்தவர் லென்ஸின் வாயைச் சுருக்கி எஃப் 8இலோ 11இலோ எடுத்திருக்க வேண்டும். கூரையின் ஓரம், மூன்று மொழிப் பெயர்ப்பலகை, அதற்குப் பின்னால் ஒரு வேம்பு, வேம்பில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சுருட்டுப் பற்றவைக்கும் யாரோ ஓர் ஐயா, எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கின்றன. அத்தானின் முகம்தான் கொஞ்சம் ஆடிவிட்டது.

கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை முழுப் பாதையும் 1905 ஆகஸ்ட் 1இல் திறந்தது. 1990இல் யுத்தத்தால் யாழ்தேவி ரயில் நின்றது. அப்புறம் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போயின. 2013 செப்டெம்பரில் ரயில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தபோது அது நின்றது புதுக் கட்டடத்தின் முன்னால். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பழைய ஸ்டேசனைக் கண்டது பெரியக்காவின் பட்டுச்சேலைக்குப் பின்னால் மட்டும்தான்.

இதையெல்லாம் தொல்பொருள் திணைக்களம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். 1940ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருள் என்று சொல்வது 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான். அது கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அந்தக் கணக்கில் வெள்ளைக்காரர் காலத்துக் கச்சேரியும் (அரசாங்க அதிபரின் அலுவலகம்) ஸ்டேசனும் நேற்றுப் பிறந்த பிள்ளைகள். சந்தியில் நிற்கும் சுண்ணாம்புச் சுவர்க் கடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மரங்களின் பாடு இன்னும் லேசு, றோட்டு அகலிக்க ஒரு காலைப்பொழுது போதும். வைரவபுளியங்குளம், வேப்பங்குளம் என்று புளியையும் வேம்பையும் ஊர்ப்பெயரில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயர் வந்த மரம் எங்கே நின்றது என்று காட்ட நம்மிடம் ஒரு படமில்லை.

நானே எடுத்துப் பார்த்தேன். ஓர் அலுவலகத்தின் பழைய முகப்பைப் போனில் எடுத்தபோது வாசல் காவலாளி ஓடி வந்தார். "ஏன் எடுக்கிறீங்கள், ஆர் அனுப்பினது?" போனைத் திறந்து காட்டி, அழித்துவிட்டுத்தான் வந்தேன். அடுத்த கிழமை அதே மதிலடியில் ஒரு சோடி நிற்க, உங்களில் ஒருவர் குடையும் லைட்டுமாய் அரை மணித்தியாலம் எடுத்தார். காவலாளி சிரித்துக்கொண்டு கேற்றைத் திறந்துவிட்டார்! இந்த ஊரில் கட்டடத்தைப் படமெடுக்க ஆகச் சிறந்த அனுமதிப் பத்திரம் மாப்பிள்ளையும் பொம்பிளையும்தான். அது உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். குளக்கட்டிலோ கச்சேரியடியிலோ சூட் முடித்துக் கிளம்புமுன் எஃப் 8க்கு வந்து ஒரு படம் தட்டுங்கள். சோடி தண்ணீர் குடிக்கும் நேரம் போதும். மரத்தின் அடி, றோட்டோரம், பெயர்ப்பலகை ஏதாவது ஒன்று உள்ளே விழட்டும், இல்லாவிட்டால் பிறகு இடம் பிடிபடாது. மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று அதே இடத்தில் நின்று எடுத்தால் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெரியும். நாளைக்கு யாராவது மண் போட்டு நிரப்பிவிட்டு "இது எப்பவும் தரைதான்" என்றால் அந்தப் படம் பேசும். மூல ஃபைலை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த திகதி உதிர்ந்துபோகும்.

புதிதாக எடுப்பதைவிட எனக்கு அவசரமாகத் தோன்றுவது பழைய நெகட்டிவ். அப்பாவின் கடையைப் பொறுப்பெடுத்தவர்கள் உங்களில் பலர். இடம் அடைக்கிறது என்று அந்தப் பெட்டிகளை எரித்துவிடாதீர்கள். திறக்கும்போது வினாகிரி மணந்தால் ஃபிலிம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சுருள்களைப் பிரித்தெடுத்து முதலில் ஸ்கான் பண்ணுங்கள், மற்றதற்கும் தொற்றும். மிச்சத்தைக் கடதாசி உறையில் போட்டு, தகரக் கூரைக்குக் கீழே வைக்காமல் வெக்கை குறைந்த அறையில் வையுங்கள். கலர் நெகட்டிவின் சாயம் கறுப்பு வெள்ளைக்கு முன்னே போய்விடும். படத்தில் இருக்கும் சனத்தின் முகத்தை மட்டும் கேட்காமல் பேஸ்புக்கில் போட வேண்டாம். அவர்களில் எத்தனை பேர் இப்போது இல்லையோ.

அக்காவின் படத்தின் பின்பக்கத்தில் ஒரு ஸ்ரூடியோ முத்திரை இருந்திருக்கிறது. ஊதா மை கரைந்து வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிரிண்ட் போடும்போது வலப்பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள், அத்தானின் தோளோடு படம் முடிகிறது. உங்களில் யாருடைய அலுமாரியிலாவது 1979 ஆவணி என்று எழுதிய உறை கிடைத்தால் ஒரு சொல் சொல்லுங்கள். அந்த வேம்புக்கு அங்கால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர்
வவுனியா