கடன் கொடுத்த பிறகும் பேசுங்கள்: மாநில வங்கியாளர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவினருக்கு,

வணக்கம். மாவட்டந்தோறும் கல்விக்கடன் முகாம் நடத்துகிறீர்கள். பந்தல், அனுமதிக் கடிதம், கலெக்டரோடு புகைப்படம். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை வாங்கிய பிள்ளையைக் கிளை அடுத்து எப்போது தேடுகிறது? பெரும்பாலும் தவணை தவறிய பிறகுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை என்று சொன்னால், பல வீடுகளில் ‘அதுவரை வட்டியும் இல்லை’ என்றே நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தனிவட்டியாகவே 1,40,000 ரூபாய் சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகிவிடும். பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய். முதல் வேலையில் 15,000 வாங்குகிறவர் சென்னையில் அறை வாடகையும் மெஸ்ஸும் போக இதை எங்கிருந்து கட்டுவார்? தவணை தவறி 90 நாள் தாண்டினால் வாராக்கடன். இணைக் கடன்தாரர் என்பதால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து சரியும்.

இத்தனைக்கும், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளை தகுதியான கல்லூரியில் படித்தால், அந்த 1,40,000-ஐ மத்திய அரசே கட்டும் வட்டி மானியத் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அதை வாங்கித் தருவதில் கடன் கொடுத்த வங்கிக்கும் பங்கு உண்டு. வருமானச் சான்றிதழைக் கிளை கேட்டு வாங்காமல் விட்டாலோ, உரிய காலத்தில் பதிவேற்றாமல் விட்டாலோ மாணவருக்குத் தெரிய வழியில்லை. முதல் தவணைத் தொகையைப் பார்த்துத்தான் திடுக்கிடுவார்.

இன்னொன்றும் உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம், சம்பளம் குறைவாக உள்ள தொடக்க ஆண்டுகளில் சிறிய தவணையும் பின்னர் பெரிய தவணையும் வைக்க இடம் தருகிறது. வேலை இல்லாத காலத்தில் தவணையை நிறுத்திவைக்கவும், 15 ஆண்டு வரை நீட்டிக்கவும் வழி உண்டு. 15 ஆண்டானால் மேலே சொன்ன 7,100, சுமார் 5,800 ஆகும். மொத்த வட்டி கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதையெல்லாம் கவுன்டரில் யாராவது வாய்விட்டுச் சொல்கிறார்களா?

சொல்லாத இடத்தில் வதந்தி புகுந்துகொள்கிறது. தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும் என்று, கட்ட முடிந்தும் கட்டாமல் காத்திருந்தவர்கள் உண்டு. இதில் என் அனுதாபம் உங்கள் பக்கம்தான். ஆனால் நிஜமாகவே முடியாதவரையும் இப்படிக் காத்திருப்பவரையும் ஒரே பட்டியலில் போட்டு வசூல் முகவரிடம் கொடுத்துவிடுகிறீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லியிருக்கிறது. அந்த நேரத்துக்குள்ளே அழைத்தாலும், மிரட்டினால் பிள்ளை சிம்மை மாற்றிவிடும். பிறகு நீங்கள் யாரிடம் வசூலிப்பீர்கள்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடைசி செமஸ்டரில் ஒவ்வொரு கடன்தாரருக்கும் தமிழில் ஒரு தாள் கொடுங்கள்: இன்றைய பாக்கி, சேர்ந்த வட்டி, மானியம் கோரப்பட்டதா, தவணை தொடங்கும் மாதம், உத்தேசத் தொகை, வேலை கிடைக்காவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும். வளாக நேர்காணல் நடக்கும் நாள்களில் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் கல்லூரிக்கே வந்தால் ஒரே மதியத்தில் முடிகிற வேலை. அறை ஏற்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த காலாண்டுக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைச் சேர்க்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஒரு பொறியியல் விரிவுரையாளர்