கிளம்ப முடியாத வீடுகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையையொட்டி நீங்கள் வெளியிடும் சுற்றுலாப் பக்கங்களை ஆண்டுதோறும் விடாமல் படிக்கிறவள் நான். இந்த முறையும் விமானக் கட்டணம், விசா, தங்குமிடம் என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் நேரடி விமானம் இருப்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பயனுள்ள தகவல். ஆனால் அந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் வீட்டை விட்டுக் கிளம்பவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். காரணம் எப்போதும் பணம் மட்டுமல்ல. என் மாமியாருக்குப் பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு நாள் கல்யாணத்துக்குப் போவதென்றாலும் யார் வீட்டில் இருப்பது என்று பேசி முடிவெடுத்த பிறகுதான் புடவையை எடுப்போம். இதில் பத்து நாள் வெளிநாட்டுக்கு எங்கே போவது?

அதற்காகப் பிள்ளைகளின் விடுமுறை வெறுமனே கழிய வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மே மாதத்தில் நாங்கள் வாரத்துக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறோம். வார நாள்களில் மகளும் மகனும் அந்த நாட்டைப் பற்றிக் கிடைத்ததைப் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டுப் படம் ஒன்று, அந்த நாட்டுச் சாப்பாடு ஒருவேளை. இதில் ஒரே ஒரு விதியை மட்டும் கறாராக வைத்திருக்கிறோம். படத்தில் வரும் சாதாரணக் குடும்பம் வீட்டிலோ வெளியிலோ என்ன சாப்பிடுகிறதோ அதைத்தான் சமைக்க வேண்டும். பீட்சாவும் ஃப்ரைடு ரைஸும் தில்லைநகரில் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு படம் பார்த்தால் எந்த ஊருக்கும் போன மாதிரி இருக்காது.

முதலில் ஈரான். மஜித் மஜிதி 1997-இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' பார்த்தோம். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் ஒரே ஜோடியை அவளோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற கதை. அதில் அப்பா, மசூதிக்கு வேண்டிய சர்க்கரைக் கட்டிகளை வீட்டில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருப்பார். மகள் டீ கொண்டுவந்து வைப்பாள். கண்ணெதிரே அவ்வளவு சர்க்கரை குவிந்து கிடக்கும். அது மசூதியுடையது என்று சொல்லி அதிலிருந்து ஒரு துண்டைக்கூடத் தன் டீக்குத் தொடமாட்டார். அந்த இடத்தில் என் மாமியார், "கோயில் சாமான் வீட்டுக்கு ஆகாதுன்னு எங்க அய்யாவும் அப்படித்தான் இருந்தாரு" என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

அன்று செய்தது 'ஆஷ் ரெஷ்தே'. கீரையும் பயறும் நூடுல்ஸும் சேர்ந்த கெட்டியான ஈரானிய சூப் அது. காந்தி மார்க்கெட்டில் கிடைக்காத பொருள் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை, ராஜ்மா, கொஞ்சம் மசூர் பருப்பு, பசலைக்கீரை, கொத்தமல்லி, வெங்காயத்தாள். நூடுல்ஸுக்குச் சப்பாத்தி மாவையே மெல்லியதாகத் தேய்த்துக் கத்தியால் நீளநீளமாக நறுக்கிப் போட்டோம். அவர்கள் மேலே ஊற்றும் 'கஷ்க்' என்ற புளித்த பால் பொருளுக்குப் பதிலாகத் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர். கடைசியில் பொன்னிறமாக வறுத்த வெங்காயமும் பூண்டும், எண்ணெயில் பொரித்த புதினாவும். அந்தப் புதினா வாசனைதான் அந்தச் சூப்புக்கே உயிர், அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. சாப்பிட்ட பிறகு பால் சேர்க்காத டீ. அந்த ஊரில் சர்க்கரைக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு டீ குடிப்பார்கள், கல்கண்டும் உண்டு. கல்கண்டுக்கு நமக்கென்ன பஞ்சம்!

இத்தாலிக்கு இயக்குநர் டி சிகாவின் 'பைசிகிள் தீவ்ஸ்', 1948-இல் வந்தது. போஸ்டர் ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். அந்தச் சைக்கிள் திருட்டுப் போகிறது. தேடித் தேடி அலுத்துப்போன அப்பா, மகனை ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போவார். ரொட்டிக்குள் சீஸ் வைத்துப் பொரித்த 'மொஸரெல்லா இன் கரோஸ்ஸா' வரும். பையன் கடித்து இழுக்க, சீஸ் நூலாக நீளும். பக்கத்து மேசையில் ஒரு பணக்காரப் பையன் விதவிதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இவன் திரும்பித் திரும்பி அவனைப் பார்ப்பான். அப்பாவோ, அந்த வேலை நிலைத்திருந்தால் எவ்வளவு சம்பளம் வந்திருக்கும் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். என் கணவர் துவாக்குடியில் வெல்டிங் வேலை பார்க்கிறவர். அந்தக் காட்சியில் அவர் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆர்டர் இல்லாத மாதங்களில் தான் எப்படிக் கணக்குப் போடுவார் என்று பிள்ளைகளிடம் சொன்னார். எங்கள் வீட்டில் பணக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் பேசுகிற வழக்கம் இல்லை. அந்தப் படத்தால் பேச முடிந்தது. அப்பாவாக நடித்தவரும் தொழிற்சாலைத் தொழிலாளிதான் என்று மகள் படித்துச் சொன்னபோது என் கணவருக்கு அவ்வளவு பெருமை. சத்யஜித் ரே 1950-இல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்துத்தான், நிஜமான இடங்களில் புதுமுகங்களை வைத்துப் படமெடுக்கலாம் என்ற துணிவைப் பெற்றார். 1955-இல் அவருடைய முதல் படம் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. இதையெல்லாம் என் பிள்ளைகள் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்தப் பலகாரத்தைச் செய்தது என் கணவரும் மகனும். ரொட்டியின் ஓரங்களை வெட்டி, நடுவில் மொஸரெல்லா வைத்து, விளிம்பை அழுத்தி மூடி, மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து எண்ணெயில் போட வேண்டும். இந்த இடத்தில் பெண் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விடுமுறை என்றால் நமக்குச் சமையல் இரட்டிப்பாகும் என்ற பயம் நியாயமானது. சாம்பார் வைப்பதென்றால் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். ஈரான் சூப்பு யாருக்குமே தெரியாது. அதனால் எல்லோரும் அடுப்படிக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் குறிப்பைப் படிக்க, ஒருவர் நறுக்க, ஒருவர் கிளற என்று வேலை தானாகவே பிரிந்துகொண்டது.

கொரியாவுக்கு 2002-இல் வந்த 'தி வே ஹோம்' படத்தை எடுத்துக்கொண்டோம். சியோலில் வளர்ந்த சிறுவனை வாய் பேசாத பாட்டியிடம் கிராமத்தில் விட்டுவிட்டுப் போகிறாள் அம்மா. அவன் கடையில் விற்கும் பொரித்த கோழி கேட்கிறான். பாட்டி மழையில் நனைந்துகொண்டே கோழி வாங்கி வந்து, அவளுக்குத் தெரிந்தபடி முழுசாக வேகவைத்துக் கொடுக்கிறாள். அவன் அழுது தட்டைத் தள்ளுகிறான், ராத்திரி பசி தாங்காமல் எழுந்து தின்கிறான். என் மாமியார் பேரனைப் பார்த்து, "அந்தப் பாட்டி வேக வச்சதுல என்னடா குத்தம்?" என்று கோபமாகவே கேட்டார். அவன் பதில் சொல்லாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். நாட்டுக்கோழியைப் பூண்டு நிறையப் போட்டு வெறும் தண்ணீரில் மெல்லிய தீயில் வேகவைத்தோம். கொரியாவில் 'பெக்சுக்' என்கிறார்கள். உப்பையும் மிளகையும் தனியே வைத்துத் தொட்டுக்கொள்வதால், உப்புக் குறைக்கச் சொல்லியிருக்கும் என் மாமியாரும் எங்களோடு அதையே சாப்பிட்டார். எப்போதும் அவருக்கென்று தனிக் கஞ்சி வைக்கிற வீட்டில், அது எனக்குப் பெரிய விஷயம்.

இதில் பெரிய தடை மொழிதான். சாப்பாட்டுப் பொருள் எப்படியும் கிடைத்துவிடுகிறது. இந்தப் படங்களுக்குத் தமிழில் வசன வரிகள் இல்லை. ஆங்கில வரிகளை என் மகள் வேகமாகப் படித்துவிடுகிறாள், மகன் பாதியைத் தவற விடுகிறான், மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. மகள்தான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. டிசம்பரில் சென்னையில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவும் அங்குள்ள அயல்நாட்டுப் பண்பாட்டு மையங்களும் நல்ல பணி செய்கின்றன. ஆனால் மாவட்டங்களில் இருக்கிறவர்களுக்கு, அதிலும் நோயாளியை வைத்திருக்கும் வீடுகளுக்கு, அவை எட்டாது. மாதச் சந்தா வாங்கும் இணையத் திரை நிறுவனங்கள் உலகப் படங்களுக்குத் தமிழ் வரிகள் போட வேண்டும் என்று உங்களைப் போன்ற நாளிதழ் கேட்டால் அதற்கு மதிப்பு இருக்கும்.

அதோடு, சுற்றுலாப் பக்கங்களுக்கு அருகிலேயே, வரும் கோடையில் வாரம் ஒரு நாட்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். குடும்பத்தோடு பார்க்கத் தக்க ஒரு படம், அதை முறையாக எங்கே பார்க்கலாம் என்ற தகவல், ஆங்கிலம் தெரியாதவர்கள் பின்தொடரும் அளவுக்குத் தமிழில் கதைச் சுருக்கம், நம் ஊர்ச் சந்தைப் பொருள்களால் செய்யக்கூடிய ஒரு சமையல் குறிப்பு. சைவக் குடும்பங்களையும் மறக்க வேண்டாம், ஈரான் சூப்பு அவர்களுக்கு அப்படியே பொருந்தும். அந்தப் பக்கத்தை வெள்ளிக்கிழமை இதழில் போட்டால், கொண்டைக்கடலை வாங்கி ஊறவைக்கச் சனிக்கிழமை ஒரு நாள் எங்களுக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தென்னூர், திருச்சி.