கணக்கை மைனஸில் இறக்கிய அபராதம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
சேமிப்புக் கணக்கு வாடிக்கையாளர்,
செக்காலை, காரைக்குடி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
வங்கியின் மண்டல அலுவலகம்.

பொருள்: மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் கணக்கு மைனஸுக்குப் போனதும், அதனால் கடன் தவணை திரும்பியதும்.

ஐயா,

வணக்கம். நான் வீட்டில் பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை எல்லாம் பெரும்பாலும் கல்யாண வீடுகளுக்குப் போகிறவை. மாவு அரைக்கிற மெஷினுக்கு ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியிருக்கிறேன். மாதம் 5ஆம் தேதி 4,860 ரூபாய் தவணை, உங்கள் காரைக்குடிக் கிளையில் உள்ள என் கணக்கிலிருந்து தானாகப் போகும். இதுவரை ஒரு தவணையும் தவறியதில்லை.

போன மாதத் தவணை போனபின் கணக்கில் 280 ரூபாய் இருந்தது. மாதக் கடைசியில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று 500 ரூபாய் அபராதமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாயும் சேர்த்து 590 பிடித்தீர்கள். இருந்ததே 280. கணக்கு மைனஸ் 310 ஆனது. இந்த மாதம் 4ஆம் தேதி இரவு ஒரு கல்யாண வீட்டார் முன்பணமாக 5,000 அனுப்பினார்கள். என் கணக்குப்படி 5,280 இருக்க வேண்டும், தவணைக்குப் போதும். ஆனால் வந்த பணத்தில் 310ஐ உங்கள் அபராதம் விழுங்கிவிட்டது. மிச்சம் 4,690. வெறும் 170 ரூபாய் குறைந்ததால் மறுநாள் காலை தவணை திரும்பிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. 2021 ஆகஸ்டிலிருந்து விடுமுறை நாளிலும் தவணை பிடிக்கிறார்கள். ஆனால் என்ன ஏது என்று கேட்கக் கிளை திறந்திருக்காது. அதற்கு ரிட்டர்ன் சார்ஜ் என்று நீங்கள் இன்னொரு 590 பிடித்தீர்கள். நிதி நிறுவனம் தன் பங்குக்கு 590 கேட்கிறது.

ஆக, உங்கள் முதல் அபராதம் இல்லாதிருந்தால் தவணை திரும்பியே இருக்காது. நான் சொல்ல வந்தது இதைத்தான். பணம் போதாத கணக்கு என்று நீங்கள் அபராதம் போட்டது, நீங்களே போதாமல் செய்த கணக்குக்கு.

கிளையில் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "சிஸ்டம் தானா பிடிச்சிரும்க்கா, எங்க கையில இல்ல" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, பாவம். ஆனால் ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று போட்ட உத்தரவு அந்த சிஸ்டத்துக்கும் பொருந்தும்தானே? 2015 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிற உத்தரவு அது. இருப்பு குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியாக வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும், அபராதம் குறைகிற தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

எனக்கு எந்த முன்னறிவிப்பும் வரவில்லை. என் போன் எண் சரியாகத்தான் பதிவாகியிருக்கிறது. உங்கள் ஓடிபியும் லோன் விளம்பரமும் அந்த எண்ணுக்கே தவறாமல் வருகின்றன. பாஸ்புக்கில் பதிந்து பார்த்தால் 590க்கு நேராக "சிஎச்ஜி" என்று மூன்றெழுத்து. எந்த மாதத்துக்கு, எவ்வளவு குறைந்ததற்கு, எந்த விகிதத்தில் என்று ஒன்றும் இல்லை. பர்மாவரை போய் லேவாதேவி செய்து பேரேடு எழுதியவர்களின் ஊர் இது, ஐயா. இங்கே ஒரு பற்று எழுதினால் அது எதற்கென்று சொல்லாமல் விடமாட்டார்கள்.

மேலாளர் ஒரு யோசனை சொன்னார். பிக்சட் டெபாசிட் போட்டு அதன்மேல் ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் எடுக்கிற கடன், எடுத்துக்கொண்டால் தவணை திரும்பாதாம். டெபாசிட் போட என்னிடம் பணம் இருந்தால் இருப்பு ஏன் குறைகிறது? அபராதத்துக்குப் பதிலாக வட்டி கட்டுவது எனக்கு வழியாகாது. ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சிலேயே எல்லாச் சேமிப்புக் கணக்குக்கும் இந்த அபராதத்தை நீக்குவதாக அறிவித்தது. உங்களால் அப்படி முடியாவிட்டாலும், இருக்கிற விதியையாவது மதியுங்கள்.

ஜிஎஸ்டியும் சேர்த்துப் பிடித்த இரண்டு 590 ரூபாயையும் என் கணக்கில் திரும்ப வரவு வையுங்கள். நிதி நிறுவனம் கேட்கும் 590ஐயும் வங்கிதான் ஏற்க வேண்டும். அதைவிட எனக்கு முக்கியம், தவணை திரும்பியது வங்கியின் தவறால் என்று அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் தருவது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பதிந்துவைக்கிற சிபிலில் என் பெயர் கெட்டுவிட்டால் நாளைக்கு அடுத்த மெஷினுக்கு யார் கடன் தருவார்கள்? அப்புறம், இந்தக் கணக்கை மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக் கொடுங்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்று கிளையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுப்பேன். பாஸ்புக் நகலையும் நிதி நிறுவனத்தின் நோட்டீஸையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.