ஆண்டறிக்கை: முற்றத்துக் குருவியளுக்கு என்ன தீன் போடுறது

தலைவருக்கும் வந்திருக்கிற அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம். வழமையான விசயங்களைக் கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன். மாதக் கூட்டங்கள் அடைமழை நேரம் தவிர ஒழுங்கா நடந்தது, நாற்றுமேடையை இளம் ஆக்கள் பொறுப்பெடுத்திருக்கினம், கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருசம் நாங்கள் கூடக் கதைச்சது குருவித் தீனைப் பற்றித்தான்.

மீள்குடியேறி வந்த நேரம் எங்கட கன வளவுகளில நிழலுக்கே மரம் இல்லை. இப்ப வேம்பு, முருங்கை, ஜாம்பழ மரமெல்லாம் எழும்பி குருவியள் வருது, பாக்கவே மனசுக்குச் சந்தோசமா இருக்கு. கன வீட்டில கடைப் பைக்கற்றைத்தான் வாங்கிப் போட்டவை. அது பெரும்பாலும் கூட்டில வளக்கிற லவ்பேட்ஸுக்கெண்டு கலக்கிறது, வெளிக்குருவி தனக்குப் பிடிச்சதை மட்டும் எடுத்து மிச்சத்தைத் தட்டி விழுத்திப்போடும், விழுந்தது நனைஞ்சு பூஞ்சணம் பிடிக்கும், இல்லாட்டி எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும்.

அதால சொண்டைப் பாத்துத் தீன் போடுங்கோ எண்டுதான் சொல்லுறம். ஊர்க்குருவி, சில்லைக்குருவி, தூக்கணாங்குருவிக்கெல்லாம் கட்டையான கூம்புச் சொண்டு, குரக்கன், சாமை, தினை மாதிரிச் சின்னத் தானியம் நல்ல விருப்பம். சிரட்டையில போட்டுக் கொப்பில கட்டிவிட்டாக் காணும். புள்ளிப்புறா நிலத்தில நடந்து பொறுக்கிற சாதி, முற்றத்தைக் கூட்டிப்போட்டு நெல்லு, பயறு, சுளகில புடைக்கேக்க வாற குறுணல் தூவிவிடுங்கோ, பூனை பதுங்கிற பத்தையடியில மட்டும் வேண்டாம். கிளிக்குச் சூரியகாந்தி விதை பிடிக்கும்தான், ஆனா காசு குடுத்து வாங்கிறதை விட வளவில விளைஞ்ச சோளன் பொத்தியை அப்பிடியே கட்டித் தொங்கவிடலாம். கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் தானியத்துக்கு வராது, எவ்வளவு கொட்டினாலும் வராது. கொண்டைக்குருவிக்குப் பழுத்த பப்பாசி, தேன்சிட்டுக்குச் செவ்வரத்தையும் வாழைப்பூவும்.

போடக்கூடாததையும் சொல்லவேணும். பூஞ்சணம் பிடிச்ச கச்சானில அஃப்ளடொக்சின் எண்ட நஞ்சு இருக்கும், எங்களுக்கு ஆகாதது குருவிக்கும் ஆகாது. மருந்து பிரட்டின விதைநெல்லு மிஞ்சிப்போச்செண்டு முற்றத்தில கொட்டவே வேண்டாம். உப்புப் போட்ட மிக்சர், பழைய பாண் இதுகளும் வேண்டாம்.

தீன் வைச்சுக் குருவியளைக் கூப்பிட்டா அதுகள் வயலிலயும் இறங்காதோ எண்டு வயல்கார அங்கத்தவர்மார் எழுப்பின கேள்வி நியாயமானது. கதிர் பால் பிடிக்கேக்க சில்லையும் தூக்கணாங்குருவியும் கூட்டமா இறங்கினா நட்டம் அவைக்குத்தான். அதேநேரம் ஊர்க்குருவியும் தூக்கணாங்குருவியும் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் கூடப் பிடிச்சுக் குடுக்கிறது, அது பயிருக்கு நன்மை. கனநேரம் கதைச்சு, பால்பருவத்தில வயலோர வீடுகள் தீன் வைக்கிறதை நிப்பாட்டுறதெண்டு எல்லாரும் ஒத்துக்கொண்டினம். எனக்கு இந்த வருசத்தில நடந்த நல்ல காரியம் இதுதான்.

கோடையில தீனை விடத் தண்ணிதான் முக்கியம். ஆழமில்லாத மண்சட்டி போதும், ஆனா தினமும் கழுவி ஊத்தவேணும், இல்லாட்டி நுளம்பு பெருகும், நோயும் பரவும்.

அடுத்த வருசத்துக்கு ஒரு வேண்டுகோள். காலபோக அறுவடை முடிஞ்ச கையோட எங்கட அங்கத்தவரிட்டையே குரக்கனும் சாமையும் சேர்த்து வாங்கி, நல்லாக் காயவைச்சு, மூடின வாளியில வைச்சு வீடுவீடாப் பிரிச்சுக் குடுக்க நிதி ஒதுக்கவேணும். இந்தத் தீர்மானத்தைச் சபையின்ர முன்னால வைக்கிறன்.

செயலாளர்